எடுத்து வைத்த கோபக் குழம்பு

கோபக் குழம்பு வைப்பதென்றால் முதலில் அடுப்பை நன்றாக ஊத வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு நான்கு வயது. இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்டு, எரியாத அடுப்பை எச்சில் தெறிக்க ஊதினான். பிறகு சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணன் என் பென்சில ஒடச்சதப் போட்டாச்சு. அப்பா அவன விட்டுட்டு என்னைய அடிச்சதப் போட்டாச்சு. இனி கொதிக்கணும்" என்றான். அன்று காலையிலிருந்து யாரோடும் பேசாமல், பக்கத்தில் வந்த பிள்ளைகளையெல்லாம் கடித்துக்கொண்டிருந்தவன் அவன். குழம்பை இறக்கி எல்லோருக்கும் பரிமாறிய பிறகு யாரையும் கடிக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், வில்லாபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் நடந்த நர்சரி பள்ளியில் நான் டீச்சர். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு வகுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, தெருவில் போகிறவர்கள் மிரளும்படி ஆங்கிலத்தில் ஒரு போர்டு, இவ்வளவுதான் பள்ளி. எல்.கே.ஜி. எனக்கு. யு.கே.ஜி.யைப் பார்த்துக்கொண்டவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். இப்போது அந்தச் சொல்லில் பாசம் எதுவும் மிச்சமில்லை, வாய்ப் பழக்கம்தான். அப்போது அப்படி இல்லை. மத்தியானம் அவள் டிபன் பாக்ஸை நானும் என் டிபன் பாக்ஸை அவளும்தான் திறப்போம். எனக்குக் காய்ச்சல் வந்தால் தன் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு ரசம் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லியிருந்தால் அவர்களைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

பசுமலையில் நான் படித்த டீச்சர் டிரெய்னிங்கில், பிள்ளைகளுக்கு உணர்ச்சிகளைச் சொல்லிக்கொடுக்க அட்டைகள் தந்திருந்தார்கள். மஞ்சள் வட்டத்துக்குள் சிரித்த முகம், அழுத முகம், முறைத்த முகம். தூக்கிக் காட்டினால் பிள்ளைகள் "ஹாப்பீ", "சேட்", "ஆங்ரி" என்று கூரை அதிரக் கத்துவார்கள். அம்மாவை விட்டு வந்து தேம்பிக்கொண்டிருக்கிற பிள்ளையும் மூக்கை உறிஞ்சியபடி "ஹாப்பீ" என்று கத்தும். அந்த அட்டைகளை நான் பீரோவுக்கு மேலே போட்டுவிட்டேன்.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் இருந்தது. எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது எனக்குத் தமிழில் கடைக்காரரிடம் சாமான் கேட்கத் தெரியும், பஸ் கண்டக்டரிடம் சீட்டு வாங்கத் தெரியும், பயமாக இருக்கிறது என்று சொல்ல வராது. அந்த மாதிரிச் சொற்கள் எல்லாம் வீட்டு மொழியிலேயே தங்கிவிட்டன. அதனால் பயம் வந்தபோதெல்லாம் வயிற்றைப் பிடித்துக் காட்டினேன், டீச்சர்கள் ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். அப்படி நிறைய ஓமத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நான். வீட்டிலும் தமிழே பேசுகிற பிள்ளைகளுக்கும் இந்தச் சொற்கள் வாயில் வருவதில்லை என்பது டீச்சரான பிறகுதான் தெரிந்தது.

ஒரு சித்திரைத் திருவிழாவில் மண் சொப்பு ஒரு கூடை வாங்கினேன். அடுப்பு, சட்டி, பானை, மூடி, உள்ளங்கையில் அடங்குகிற அம்மி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்காத பிள்ளைகளுக்கு அதை விரித்துக் கொடுப்பேன். நான் செய்ததெல்லாம் "என்ன கொழம்பு?" என்று கேட்டதுதான். முதல் சில நாள் புளிக்குழம்பு, கறிக்குழம்பு என்று வந்தது. பிறகு அந்தக் கடிக்கிற பையன் கோபக் குழம்பு வைத்தான், கதவு திறந்துகொண்டது. பயக் குழம்பு வந்தது, அழுகைப் பொரியல் வந்தது, மாமா கல்யாணத்துக்குப் போய் வந்த பிள்ளை சிரிப்புப் பாயசம் வைத்தது. என்னென்ன போட்டாய் என்று கேட்டால் போதும், வீட்டில் நடந்தது ஒவ்வொன்றாகச் சட்டியில் விழும். சாப்பிடுகிறவர்கள் ருசி சொல்ல வேண்டும். காரம் என்று சொல்லலாம், கரிக்கிறது என்று சொல்லலாம், நல்லா இல்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. கடைசியில் தொட்டிக்குப் போய்ச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எல்லோரும் கை தட்டிக் கத்துவோம்: "கழுவியாச்சு, மறந்தாச்சு!"

அந்தக் கடைசிச் சடங்கு சும்மா வரவில்லை. ஒரு பையன் வைத்த அழுகைப் பொரியலை ஸ்கூல் ஆட்டோவில் வந்த மற்ற பிள்ளைகள் அவன் வீட்டு வாசல் வரைக்கும் ராகம் போட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். மறுநாள் நான் சட்டம் போட்டேன். சட்டியில் வைத்ததை வெளியில் யாருக்கும் சொல்லக் கூடாது. ஒருத்தி எழுந்து, "டீச்சரும் சொல்லக் கூடாதா?" என்றாள். டீச்சரும்தான் என்றேன். "அந்த டீச்சரு?" என்று வாசலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்காவைக் காட்டினாள். அக்கா சிரித்தபடி வந்து அவள் தலையில் கை வைத்து, "சத்தியமாச் சொல்ல மாட்டேன்டி தங்கம்" என்றாள். அன்றிலிருந்து அவளும் வட்டத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் வைத்ததை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். என்னைவிட நன்றாக ருசி சொல்வாள், நாக்கைச் சப்புக்கொட்டி, கண்ணில் தண்ணீர் வரவழைத்து. பிள்ளைகளுக்கு அவளைத்தான் அதிகம் பிடிக்கும்.

இனி நான் சொல்ல வந்த பிள்ளை. என் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவள், ரெட்டைச் சடை, அத்தையின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வருவாள். அப்பாவுக்கு அவனியாபுரம் ரோட்டில் பெயிண்ட் கடை. அம்மா வாடிப்பட்டிப் பக்கம், தோட்டமும் வயலுமாக இருக்கிற குடும்பம். இரண்டாவது பிரசவத்துக்கு அம்மாவைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனபோது, மூத்தவளைப் படிப்பு கெட்டுவிடும் என்று இங்கேயே வைத்துக்கொண்டார்கள். எல்.கே.ஜி. படிப்பு. அங்கே ஆண் பிள்ளை பிறந்தது.

பிள்ளை பிறந்த சில மாதத்தில் மாப்பிள்ளை வீட்டார் போய்த் தாயையும் சேயையும் கூட்டி வர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இவர்களும் வேன் வைத்துக்கொண்டு போனார்கள். போன இடத்தில் மரியாதை குறைந்துவிட்டதாம். என்ன குறைந்தது என்று விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சாப்பிட வாங்க என்று ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார்கள் என்பது அதில் பெரிய குற்றம். வெறும் வேன் திரும்பி வந்தது. அவர்களே கொண்டு வந்து விடட்டும் என்று இந்தப் பக்கமும், முறையாக வந்து கூப்பிடட்டும் என்று அந்தப் பக்கமும் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் ஒரு தடவை இந்தப் பிள்ளையைத் தம்பியைக் காட்டக் கூட்டிப்போய்ச் சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்தார்கள். அம்மா மடியில் தம்பி இருந்தான், அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

இதெல்லாம் எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். அந்தக் குடும்பம் அவளுக்குத் தூரத்துச் சொந்தம்.

பிள்ளை சொப்பு வைத்து விளையாட வந்துவிடுவாள், ஆனால் சட்டியை மூடியே வைத்திருப்பாள். "என்ன கொழம்புத்தா?" என்று கேட்டால், "இன்னும் வேகல டீச்சர்." மறுநாள் கேட்டாலும் "இன்னும் வேகல." மற்ற பிள்ளைகள் பொறுமை இழந்து, "எம்புட்டு நேரந்தான் வேகும்?" என்று சண்டைக்கு வந்தார்கள். நான் தடுத்துவிட்டேன். சில பருப்பு அப்படித்தான் என்றேன். தீபாவளி போனது, பொங்கல் லீவு போனது, அவள் சட்டி வேகவே இல்லை.

லீவு முடிந்து வந்த ஒரு மத்தியானம் அவளாகவே மூடியைத் திறந்தாள். நானும் அக்காவும் பக்கத்தில் இருந்தோம். "கோவக் கொழம்பு" என்றாள். யாருக்கு என்றேன். "அம்மாவுக்கு." என்ன போட்டாய் என்றேன். "பஸ்ஸப் போட்டேன். அந்த ஊரப் போட்டேன். தம்பியப் போட்டேன்." ஒரு பையன் சிரிக்கப் போனான், அக்கா அவன் வாயைப் பொத்தினாள். பிள்ளை அகப்பையை விட்டுக் கிண்டிக்கொண்டே, "அம்மா வேண்டாம். வந்தாலும் கதவத் தெறக்க மாட்டேன். போ போன்னு சொல்லிருவேன்" என்றாள். எல்லோருக்கும் ஊற்றினாள். எல்லோரும் காரம் காரம் என்று கையை உதறினோம். அக்காவுக்குக் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது, அல்லது நான் அப்படி நினைத்துக்கொண்டேன்.

பிறகு கழுவும் நேரம் வந்தது. பிள்ளை பெரிய சட்டியைக் கழுவப் போகாமல், கூடையில் இருந்ததிலேயே சின்னச் சட்டியை எடுத்தாள். மிச்சக் குழம்பை அதில் வழித்து ஊற்றி மூடி போட்டாள். பீரோவுக்குக் கீழே, பல்லி எறும்பு வராத இடமாகப் பார்த்துத் தள்ளி வைத்தாள். "இதக் கழுவாதீங்க டீச்சர். அம்மாவுக்கு எடுத்து வச்சது. அம்மா வந்து சாப்புடணும்" என்றாள்.

கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்ன அதே வாய்தான். அம்மா வேண்டாம் என்கிற பிள்ளை அம்மாவுக்கு எடுத்து வைக்குமா? அன்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிய பிறகு அக்காவிடம் இதைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். "ஆமாடி, எடுத்து வச்சிருக்கா பாரு" என்று அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதனால்தான் பின்னால் நடந்ததைத் தெரியாமல் செய்துவிட்டாள் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வில்லாபுரத்தில் கூடிப் பேசினார்கள். எனக்கு அது திங்கட்கிழமை காலையில், பள்ளி வாசலில், பிள்ளையை விட வந்த அத்தை சொல்லித்தான் தெரிந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"ஒங்க யு.கே.ஜி. டீச்சருக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றாள். "பெரியவுக எல்லாம் அந்தப் பக்கம் சாஞ்சுட்டாக. சண்டை தீர்ற வரைக்கும் மூத்தவளயாச்சும் எங்கூட அனுப்புங்க, வாடிப்பட்டியிலயும் பள்ளிக்கூடம் இருக்குன்னு பெத்தவ அழுதா. சரி, அனுப்பிருவம்னு பேச்சு வந்துருச்சு. அப்பத்தான் நான் ஒங்க டீச்சரக் கூட்டியாந்தேன். நம்ம சொந்தந்தான, வந்தாக. பிள்ளையே அம்மா வேண்டாங்குது, வந்தாலும் கதவத் தெறக்க மாட்டேன்னு எங்ககிட்டச் சொல்லுச்சுன்னு சபையில சொன்னாக பாருங்க, அதோட அவுக யாரும் வாயத் தெறக்கல. பெத்தவ அழுதுகிட்டே பஸ் ஏறிட்டா."

"பிள்ளை?" என்று கேட்டேன்.

"அவளையும் நடுவுல நிப்பாட்டிக் கேட்டோம். டீச்சர்ட்டச் சொன்னீல்ல, அத இங்க சொல்லுத்தான்னு. மரம் கணக்கா நிக்கிறா. அவ அம்மா மொகத்தப் பாத்துகிட்டே நிக்கிறா. சொல்லவும் இல்ல, இல்லைன்னும் சொல்லல."

பிள்ளை அத்தையின் விரலை விட்டுவிட்டு, என்னைத் தாண்டி, செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மத்தியானம் அக்கா வழக்கம்போல என் டிபன் பாக்ஸைத் திறக்கக் கையை நீட்டினாள். நான் நகர்த்தி வைத்துக்கொண்டேன். ஏன்க்கா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? பிள்ள சொன்னதத்தானே சொன்னேன்."

"எடுத்து வச்சதச் சொன்னியா?"

குனிந்து சோற்றைப் பிசைந்தாள். "அம்புட்டுப் பெரிய மனுசங்க உக்காந்திருக்காக. சேர் எடுத்துப் போட்டு, டீச்சரு நீங்க சொல்லுங்கன்னு கேக்குறாக. அங்க போயி சொப்புச் சட்டி, எடுத்து வச்சான்னு சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? சிரிக்க மாட்டாகளா?"

"கோவக் கொழம்பு மட்டும் சிரிப்பா இல்லையா?"

"இங்க பாரு. இது எங்க ஆளுக விசயம். ஒனக்குப் புரியாது."

அத்தனை வருஷம் என் வீட்டுச் சாப்பாட்டைத் தின்றவளுக்கு நான் வேறு ஆள் என்பது அன்றைக்குத்தான் நினைவு வந்தது. அவளுக்கு ஒரு சேர் போட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். பணமில்லை, பகையில்லை. பெரிய மனிதர்கள் நடுவில் ஒரு பிளாஸ்டிக் சேர், கையில் ஒரு காபி, டீச்சர் என்ற ஒரு மரியாதை. அதற்காக ஒரு பிள்ளை மாதக்கணக்கில் வேகவைத்ததை எடுத்து, தனக்கு வேண்டிய பாதியை மட்டும் பரிமாறிவிட்டு வந்தாள். பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. பொய்யை எதிர்த்துப் பேசலாம். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

சாயங்காலம் அத்தை வந்தபோது மிச்சப் பாதியை நான் சொன்னேன். பிள்ளை அம்மாவுக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள், அது வேண்டாம் என்பதில்லை, ஏங்கிப் போய்விட்டாள், வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். அத்தை சிரித்தாள். "என்ன டீச்சர் நீங்க. சின்னப் பிள்ள வெளையாட்டுல சொல்றதையெல்லாம் எடுத்துக்கிட்டா முடியுமா?" அவளோடு இதற்கு மேல் என்ன பேசுவது? பிள்ளையின் அப்பாவைக் கடையில் போய்ப் பார்த்தேன். பெயிண்ட் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டே, "பெரியவுக பேசி முடிச்சிட்டாக டீச்சர்" என்றார்.

அன்று மத்தியானம் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. அக்காவோடு பேசி முடித்துவிட்டு வகுப்புக்கு வந்தபோது பிள்ளைகள் கூடையைக் கவிழ்த்து ஆரம்பித்திருந்தார்கள். அவளும் உட்கார்ந்து அடுப்பை ஊதினாள், சட்டியை வைத்தாள். மூடி போடவில்லை. என்ன கொழம்பு என்று ஒரு பையன் கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் பின்னால், வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தாள். இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் பார்த்தாள்.

"வெறுந்தண்ணி" என்றாள்.

வெறுந்தண்ணீரை எல்லோருக்கும் ஊற்றினாள். எங்களுக்கும் ஊற்றினாள். ருசி சொல்லத் தெரியாமல் பிள்ளைகள் விழித்தார்கள். பிறகு அவள் எழுந்துபோய், பீரோவுக்குக் கீழே கையை விட்டு, அந்தச் சின்னச் சட்டியை எடுத்தாள். தொட்டிக்குக் கொண்டுபோய் மூடியைக் கழற்றி, விரலை உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். அந்த வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் ஒரு பாத்திரத்தைக் கழுவி நான் பார்த்ததில்லை.

பிறகு அந்த வருஷம் முழுக்க அவள் சட்டியில் வெறுந்தண்ணீர்தான். மற்ற பிள்ளைகளும் மெல்ல மெல்லப் புளிக்குழம்புக்கும் கறிக்குழம்புக்கும் திரும்பிப் போய்விட்டார்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சட்டியில் வைத்தது வெளியே போய்விட்டது என்று மோப்பம் பிடித்துவிடுகிற, அந்த வயதுக்கே உரிய மூக்கு அவர்களுக்கு. கடிக்கிற பையன் மறுபடியும் கடிக்க ஆரம்பித்தான். அக்கா என்னோடு பேச எத்தனையோ முயற்சி செய்தாள். ஒருநாள் என் மேஜையில் எலுமிச்சைச் சாதம் வைத்துவிட்டுப் போனாள். அதைத் தொடாமல் அவள் மேஜையிலேயே திருப்பி வைத்தேன். சோற்றின் மேல் கோபம் காட்டாதே என்றாள். சோற்றின் மேல் கோபமில்லை என்றேன். இன்றைக்கு யோசித்தாலும் அந்தப் பதிலை நான் மாற்ற மாட்டேன்.

பரீட்சை முடிந்து, பள்ளிக்கூடம் மூடுகிற நாள் வந்தது. பிள்ளையை அடுத்த வருஷம் வேறு பெரிய பள்ளியில் சேர்க்கப்போவதாக அத்தை சொல்லியிருந்தாள். அம்மா இன்னும் வாடிப்பட்டியில்தான் இருந்தாள். பிள்ளை பையை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது நான் பின்னாலேயே போய் நடுப்படியில் உட்கார்ந்து அவளைத் திருப்பினேன். இதைச் சொல்லாமல் அவளை அனுப்பக் கூடாது என்று எனக்கு வெறியாக இருந்தது.

"நீ அன்னைக்குச் சொன்னத நான் யாருட்டயும் சொல்லலத்தா. நெசமா. நான் சொல்லல."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. கோபத்தையும் அழுகையையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கற்றுக்கொடுத்தவள் முன்னால் இரண்டையும் காட்டாமல் நிற்க எப்படியோ கற்றுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குப் பெரியவர்கள் சொல்கிற குரலில், "பரவால்ல டீச்சர்" என்றாள். "கழுவியாச்சு."

கீழே அத்தை கூப்பிட்டாள், பிள்ளை இறங்கிப் போய்விட்டாள். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பாதி உண்டு, கை தட்டிக்கொண்டு எல்லோரும் சேர்ந்து கத்துவோம். அதை அவள் சொல்லவில்லை. நானும் இன்றுவரை சொன்னதில்லை.